கட்டிலுக்குப் பூட்டிய ஹோர்ன்

என் அத்தான் கட்டிலுக்கு ஹோர்ன் பூட்டியவர். சைக்கிளுக்குப் பூட்டியவர்கள் இருக்கிறார்கள், டிராக்டருக்குப் பூட்டியவர்கள் இருக்கிறார்கள். மனைவி படுத்திருக்கிற கட்டிலுக்குப் பூட்டிய ஒருவரை உருத்திரபுரத்தில் மட்டுமல்ல, பிறகு நான் இருந்த எந்த ஊரிலும் கண்டதில்லை. அந்த ஹோர்ன் வீட்டில் சத்தம் போடாது. வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டி, வயல் கொட்டிலில் இருந்து கத்தும். அக்கா கட்டிலை விட்டு எழும்பினால் போதும், அங்கே கத்தத் தொடங்கிவிடும்.

இப்படிச் சொன்னால் அத்தானைக் கொடுமைக்காரர் என்று நினைப்பீர்கள். கொடுமை செய்ய அவருக்குத் தெரியாது. பயந்த மனிதர், அவ்வளவுதான். அக்காவின் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. முதல்நாள் பின்னேரம் மருத்துவிச்சி அம்மா வந்து, வயிற்றில் குழல் வைத்துக் கேட்டு, "எல்லாம் நல்லாயிருக்கு" என்று சொல்லித் தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் போனார். அடுத்த நாள் மத்தியானம் அக்கா வயிற்றில் கையை வைத்தபடி, "அசையுதில்லை" என்றாள். அந்தப் பின்னேரத்துக்கும் அந்த மத்தியானத்துக்கும் இடையில் எப்போது நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அத்தானுக்கு அந்தத் தெரியாமைதான் பொறுக்கவில்லை. "நான் வரம்பு கட்டிக்கொண்டு நிண்டிருக்கிறன், அது போயிருக்கு" என்று சாப்பிடும்போதும் சொல்வார், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போதும் சொல்வார்.

அக்கா இரண்டாம் முறை உண்டாகிச் சில மாதத்தில் கொஞ்சம் உதிரம் பட்டது. மருத்துவிச்சி அம்மா இந்த முறை தேத்தண்ணி குடிக்கவில்லை. "ஒன்பதாம் மாதம் பிறக்குமட்டும் படுக்கைதான். குசினிப் பக்கமே போகக் கூடாது" என்றார். உடனே கண்டாவளையில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தது. பரீட்சை எழுதிவிட்டு முடிவு வருமென்று வேலியைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, அக்காவைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள்.

பார்த்துக்கொள்வது என்றால் பக்கத்தில் இருந்து கதை சொல்வது என்று நினைத்துக்கொண்டு போனேன். போன பிறகுதான் தெரிந்தது, வயலில் வேலைக்கு ஆள் இல்லை, காலையில் சோறு வைத்ததும் நானும் அத்தானோடு வயலில் இறங்க வேண்டும். வீட்டில் மாமி இருந்தார், அத்தானின் தாயார். அவருக்குக் காது மந்தம். வேண்டியது கேட்கும், வேண்டாதது கேட்காது, அந்த வகை மந்தம். காலையில் கோயிலுக்குப் போனால் ஊர்க்கதை முழுவதையும் அந்தக் காதாலேயே கேட்டு முடித்துவிட்டுத்தான் திரும்புவார். அக்காவோ சும்மா இருக்கப் பிறந்தவள் அல்ல. சின்ன வயதில் காய்ச்சலோடு எழும்பிப் போய்க் கிணற்றில் வாளி விட்டவள். அவளைக் கட்டிலில் கிடக்கச் சொல்வதும் கோழியைப் பாயில் படுக்கச் சொல்வதும் ஒன்று.

ஆகவே அத்தான் தன் மூளையைப் பாவித்தார். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

அவர் சண்டைக்கு முன்னம் கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் றேடியோ திருத்திக்கொண்டிருந்தவர். மின்சாரம் போய், வன்னிக்குக் கொண்டுவரக் கூடாதென்று அரசாங்கம் போட்ட தடைப் பட்டியலில் பற்றறியும் சேர்ந்த பிறகு, திருத்துவதற்கு றேடியோ இருந்ததே தவிர இயக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மண்வெட்டியைத் தூக்கினாலும் கை மட்டும் ஸ்க்ரூட்ரைவரை மறக்கவில்லை. பழைய சைக்கிள் சீற்றில் இருந்து இரண்டு ஸ்பிரிங் கழற்றினார். அதைக் கட்டில் சட்டத்துக்குள் வைத்து, மேலே ஒரு பலகை போட்டு, அதன் மேல் பாயும் தலையணையும் போட்டார். ஆள் படுத்தால் பலகை பதியும். ஆள் எழும்பினால் பலகை கிளம்பும். கிளம்பும்போது பலகையின் ஓரத்தில் ஆணி அடித்த, மீன் அடைத்து வந்த ரின்னின் தகடு, மேலே சட்டத்தில் அடித்த இன்னொரு தகட்டில் முட்டும். முட்டினால் மின்சாரம் ஓடும். மின்சாரம் இல்லாமல் சும்மா கிடந்த நீர்ப்பம்பின் மோட்டாரைப் பிரித்து எடுத்த செப்புக் கம்பி, பூவரச மரம் பூவரச மரமாக வேலி வழியே போய் வயல் கொட்டிலில் தொங்கிய, பற்றறியில் கத்தும் சைக்கிள் ஹோர்னில் முடிந்தது.

முதல்நாள் பரீட்சித்துப் பார்த்தபோது அக்கா படுத்தாள், எழும்பினாள். வயலில் தாய்ப்பசுவைத் தேடும் கன்று போல ஒரு சத்தம் எழுந்தது. அத்தான் வரம்பில் நின்று கைதட்டினார். அக்கா வாசலில் வந்து நின்று, "பூனைக்கு மணி கட்டுறதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறன். பெண்சாதிக்கு மணி கட்டின ஆளை இப்பதான் காணுறன்" என்றாள்.

"நீ ஏன் வாசலுக்கு வந்தனீ? போய்ப் படு!" என்று வரம்பில் இருந்து அத்தான் கத்தினார். ஹோர்னும் கத்திக்கொண்டிருந்தது.

பற்றறிக்கு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். செத்த ரோச்லைற் பற்றறிகளை ஊர் முழுக்கச் சேர்த்தார். வன்னியில் அப்போது செத்த பற்றறியை ஒருவரும் எறிய மாட்டார்கள், கூரையிலோ அலுமாரிக்கு மேலோ போட்டு வைப்பார்கள். என்றாவது ஒருநாள் உதவும் என்ற நம்பிக்கைதான். அத்தான் அவற்றின் அடியில் ஆணியால் துளை போட்டு, உப்புத் தண்ணீர் விட்டு, மெழுகால் அடைத்து, சுளகில் பரப்பி வெயிலில் காயவைப்பார். பக்கத்துச் சுளகில் மாமியின் மோர்மிளகாய் காயும். ஒருநாள் உப்பு முடிந்துபோனது. மாமி கோயிலால் வந்து பார்த்தபோது, மகன் மோர்மிளகாய்ப் பானைக்கு முன்னால் குந்தியிருந்து, அந்த உப்பு மோரைக் கரண்டியால் பற்றறிக்குப் புகட்டிக்கொண்டிருந்தார்.

"என்ரை மோரை ஏன்ரா அதுக்குப் பருக்கிறாய்?"

"புளிப்பும் உப்பும் சேர்ந்தால் நல்லா வேலை செய்யுமணை."

"அப்ப என்ரை றேடியோவுக்கு ஒரு சோடி தா. நாடகம் கேட்டு எவ்வளவு காலம்."

அந்த நேரம் அத்தானுக்கும் காது மந்தமாகிவிட்டது. குடும்ப வியாதி.

இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அத்தானுக்குப் பயம் வந்தால் அதற்கு மேல் இன்னொரு பயம் வரும். ஹோர்ன் கத்தினால் அக்கா எழும்பியிருக்கிறாள். சரி. ஹோர்ன் கத்தாவிட்டால்? அக்கா படுத்திருக்கிறாள் என்றும் இருக்கலாம். பற்றறி செத்துவிட்டது என்றும் இருக்கலாம். வயலில் ஹோர்ன் பேசாமல் இருந்தால் எங்களுக்கு நிம்மதி. அவருக்கு அதுதான் பெரிய கலக்கம். நாற்றுப் பிடுங்குகிற மனிதர் நிமிர்ந்து, "சத்தம் வரேல்லை, என்ன?" என்பார்.

"சத்தம் வராட்டி நல்லதெல்லோ அத்தான்?"

"அது எந்தச் சத்தம் வராததோ ஆருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சேற்றுக் காலோடு வீட்டுக்கு ஓடுவார்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பற்றறிப் பெட்டியை அக்காவின் கை எட்டும் தூரத்தில் கட்டிலோரச் சுவரில் தொங்கவிட்டு, அதன் மேல் ஒரு ரோச் குமிழைப் பூட்டினார். பற்றறியில் உயிர் இருக்கும் வரை குமிழ் எரியும். வயல் கொட்டிலில் நின்றாலே திறந்த யன்னலுக்குள்ளால் அந்தச் சின்ன மஞ்சள் பொட்டுத் தெரியும். அத்தான் அன்று சாப்பிட்ட மாதிரி சோறு சாப்பிட்டதை நான் அதற்கு முன்னம் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்தால் முதலில் குமிழைப் பார்ப்பார். பிறகுதான் அக்காவைப் பார்ப்பார். அக்கா ஒருநாள் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டாக வைத்துக்கொண்டு, "நானும் எரியிறன், பாருங்கோ" என்றாள். அவர் குமிழைப் பார்த்துக்கொண்டே, "ஓம், வடிவாயிருக்கு" என்றார்.

ஆனால் குமிழ் வந்த நாளில் இருந்து பற்றறி நிற்கவில்லை. முன்பு வாரக் கணக்காக இருந்தது, இப்போது இரண்டு மூன்று நாளில் படுத்துவிடும். அத்தான் உப்பைக் குறை சொன்னார். வெயில் காணாது என்றார். மோரில் மாமி தண்ணீர் கூடக் கலந்துவிட்டார் என்றார். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாட்டு. ஊரில் செத்த பற்றறியும் முடிந்துகொண்டு வந்தது. அவரைக் கண்டால் ஆட்கள் கூரைக்கு மேலே பார்த்துக்கொண்டு, "இல்லைத் தம்பி, எல்லாம் தந்தாச்சு" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் அக்கா. அவளுக்கு வேறு வேலை இல்லை, பகல் முழுக்க அந்தக் குமிழைத்தானே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த அத்தானிடம் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, ஹோர்ன் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கத்தும்? துளி நேரம். இந்தக் குமிழ்? விடிய எரியத் தொடங்கினால் விடிய மட்டும். பற்றறியைத் தின்னுறது ஆர் எண்டு உங்களுக்கே விளங்கேல்லையோ? வேலி பயிரை மேயுது."

அத்தானின் கையில் இருந்த சோற்று உருண்டை வாய்க்குப் போகவில்லை. றேடியோ திருத்தின மனிதருக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்ததைப் பார்க்கப் பயம் விடவில்லை.

"அப்ப குமிழைக் கழட்டச் சொல்லுறியோ?"

"ஓம்."

"கழட்டினால் உயிர் இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?"

அக்காவின் கை வயிற்றுக்குப் போனது. அவர் பற்றறியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று எனக்கே விளங்கியது. சட்டிக்குள் இருந்த குழம்பைக் கிளறுவது போல் நான் குனிந்துகொண்டேன்.

குமிழ் கழற்றப்படவில்லை. ஆனால் எங்கள் அக்காவும் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தான் வேலிப் படலையைத் தாண்டினதும் குமிழை ஒரு திருகுத் திருகி அணைத்துவிடுவாள், திரும்பி வரும் சத்தம் கேட்டால் இறுக்கிவிடுவாள். வயலில் இருந்து பார்க்கிறவருக்கு எரிவது போல் தெரியவேண்டுமே? அதற்கு மாமியின் சாமிப் படத்தடியில் இருந்த மஞ்சள் கண்ணாடி மணி ஒன்றை என்னைக் கொண்டு எடுப்பித்துப் பெட்டியில் தொங்கவிட்டாள். வெயிலில் அது மினுங்கும். அத்தான் வரம்பில் நின்று அந்த மணியைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விடுவார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் களை பிடுங்குகிற சாட்டில் குனிந்துகொள்வேன்.

பற்றறி உண்மையாகவே இருக்கிறதா என்று பார்க்க அக்காவிடம் வேறு முறை இருந்தது. பெட்டியின் இரண்டு வயரையும் கழற்றி நுனி நாக்கில் வைப்பாள். முகம் கோணும். பிறகு கண்ணை மூடிச் சிரிப்பாள்.

"புளிக்குதடி. நல்லாப் புளிக்குது."

வயிற்றுப் பிள்ளைக்காரி, புளிப்புக்கு அலைந்த நேரம். மாங்காய்க் காலமும் இல்லை. காலையில் ஒருதரம் பார்த்தால் போதும், அவள் மூன்று நான்கு தரம் பார்ப்பாள். புதுப் பற்றறி என்றால் தேசிக்காய், பழசு என்றால் பழஞ்சோற்றுத் தண்ணீர் என்று ருசி பிரித்துச் சொல்லவும் பழகிவிட்டாள். "இண்டைக்கு மாமியின்ரை மோர் வாசம் வருது" என்றாள் ஒருநாள்.

இந்த அளவில் நின்றிருந்தால் நல்லது. நின்றால் அது எங்கள் அக்கா அல்ல.

அவளுக்கு நடக்க வேண்டும். முற்றத்து வெயிலில் கொஞ்சம் நிற்க வேண்டும், குசினியில் என் குழம்புக்கு உப்புப் பார்க்க வேண்டும். எழும்பினால் ஹோர்ன் கத்தும், கத்தினால் அத்தான் வாய்க்காலைப் பாய்ந்து வருவார், வந்தால் பேச்சு. மருத்துவிச்சி அம்மா ஒன்பதாம் மாதம் பிறந்ததும், "இனி அங்கை இஞ்சை கொஞ்சம் நடக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அத்தான் அதற்குச் சம்மதிக்கவில்லை. போன முறை நல்லாயிருக்கு என்று சொன்னவரும் அவர்தானே, இந்த முறை அவருடைய சொல்லை நம்பமாட்டாராம்.

"எடியே, அந்த நெல்லு மூட்டையை இஞ்சை இழு" என்றாள் அக்கா.

வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த அரைமூட்டை நெல். நான் இழுத்து வந்து, கட்டிலில் ஏற்றினேன். அக்கா மெல்ல இறங்கினாள். பலகை அசையவில்லை. ஹோர்ன் மூச்சு விடவில்லை. மூட்டையைத் தன் சேலையால் போர்த்து, தலைப்பக்கம் தலையணையைச் சாய்த்துவிட்டு இரண்டு பேரும் வாயைப் பொத்திச் சிரித்தோம். அதற்குப் பிறகு தினமும் நான் வயலுக்குப் போகுமுன் மூட்டையைப் படுக்கவைத்துவிட்டுப் போவேன். அத்தான் வரும் சத்தம் கேட்டால் அக்கா பக்கத்தில் ஏறிப் படுத்து, மூட்டையைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிடுவாள். அத்தானுக்கு ஒரே பெருமை. "பார்த்தியோ, இப்ப அவ சொல்லுக் கேக்கிறா. நாள் முழுக்க ஒரு சத்தமில்லை" என்று என்னிடம் சொல்வார். நான், "ஓம் அத்தான், நல்ல அடக்கம்" என்பேன்.

அடுத்த போக விதைப்பு வந்தது. விதைநெல்லை மூட்டையோடு வாய்க்காலில் ஊறவைத்து, எடுத்து, வைக்கோலால் மூடி, மேலே பாரம் வைத்துவிடுவார்கள். உள்ளே முளை கட்டும்போது நெல் சூடாகும். கையை வைத்தால் காய்ச்சல்காரனின் வயிறு போலச் சுடும், ஈரமாகவும் இருக்கும். அந்தச் சூட்டை வைத்தே முளை எப்படி இருக்கிறது என்று விவசாயி சொல்லிவிடுவான். அத்தான் முளைத்த மூட்டைகளை வயலுக்குக் கொண்டுபோய்விட்டு, விடுபட்ட இடங்களுக்குப் பிறகு தூவலாம் என்று ஒரு சின்ன மூட்டையை வீட்டுக் கோடியில் விட்டிருந்தார்.

அன்று காலை மாமி கோயிலுக்குப் போகுமுன், நெல் அவிக்கவென்று எங்கள் அரைமூட்டையை எடுத்துப் பானையில் கொட்டிவிட்டார். கட்டிலுக்கு ஆள் இல்லை. அக்கா கோடியைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். சொல்லவேண்டியிருக்கவில்லை. ஈரம் கசியாமல் மூட்டைக்குக் கீழே ஒரு பழஞ்சேலையை விரித்து, விதைமூட்டையை அதன் மேல் ஏற்றி, அதே சேலையால் சுற்றிப் போர்த்துவிட்டு நான் வயலுக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தால் அத்தான் தண்ணீர்ப் போத்தல் எடுக்க வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய முகத்தில் அப்படி ஒரு கனிவு.

"நல்ல நித்திரை. எழுப்பேல்லை. முதுகிலை மெல்லமாக் கையை வைச்சுப் பார்த்தனான். கொஞ்சம் சூடு, வேர்த்தும் இருக்கு. பிள்ளைத்தாச்சி உடம்பு அப்பிடித்தான் இருக்குமாம்."

விதைநெல்லில் கைவைத்தால் முளையின் நீளத்தைச் சொல்லக்கூடிய மனிதர்! நான் சேற்றில் குந்திவிட்டேன். "என்ன பிள்ளை?" என்றார். காலில் ஏதோ குத்திவிட்டது என்றேன். கண்ணில் தண்ணீர் வந்ததால் நம்பிவிட்டார்.

"குமிழ் வேறை தளர்ந்துபோய் அணைஞ்சு கிடந்தது. இறுக்கிவிட்டிட்டு வந்தனான்" என்று ஒரு சொல்லும் சேர்த்தார்.

அவர் வந்த சத்தம் கேளாமல் குசினியில் அகப்பட்டு, கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்த அக்கா, அவர் போனதும் வந்து, குமிழைத் திரும்பவும் திருகி அணைத்திருக்கிறாள். அதைப் பிறகு சொன்னாள். குமிழை அணைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பி, அடுப்பில் இருந்த சட்டியை இறக்கக் குனிந்தபோதுதான் வலி வந்தது. வந்த வலி போகவில்லை. நிற்க முடியாமல் இருந்து, இருக்கவும் முடியாமல் தவழ்ந்திருக்கிறாள். மாமி கோயிலில். அக்கம்பக்கம் எல்லாரும் விதைப்பில். கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. மணியடிக்க வேண்டிய கட்டிலில் மூட்டை படுத்திருக்கிறது.

வயலில் ஹோர்ன் கத்தியது.

அத்தான் நிமிர்ந்தார். "எழும்பிட்டா. தண்ணி குடிக்கப் போறா போலை" என்றார். மூட்டை எப்படி எழும்பும்? கோழி கொத்திச் சாய்த்ததோ என்று நினைத்தேன். ஹோர்ன் நிற்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுக்கிற நேரமும் தாண்டிக் கத்தியது.

"அத்தான், ஓடுங்கோ!" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, வாய்க்காலைப் பாலத்தால் போகாமல் தண்ணீருக்குள்ளால் பாய்ந்தார். பின்னால் நான். முதுகுக்குப் பின்னால் ஹோர்ன் கன்று மாதிரிக் கத்திக்கொண்டே இருந்தது. பகல் முழுக்கக் குமிழ் எரிந்திருந்தால் அந்தப் பற்றறி அப்படிக் கத்தியிருக்காது.

அறைக்குள் போனபோது மூட்டை நிலத்தில் வெடித்துக் கிடந்தது. வெள்ளை முளை விட்ட நெல் தரை முழுக்க. நடுவில் அக்கா காலை நீட்டி, சுவரில் சாய்ந்து இருந்தாள். தொங்கிய சேலைத் தலைப்பைக் கீழே இருந்து பிடித்து இழுத்து மூட்டையை விழுத்தியிருக்கிறாள். சேலை இன்னும் கையில் இருந்தது. தலைமயிரில் கூட முளைநெல். அத்தான் அவளைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் நெல்லுக்கோ காவலிருந்தனான்?"

"பேசுறதெண்டால் பிறகு பேசுங்கோ" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. "இப்ப உழவு மெசினைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

பக்கத்து வயல்காரர் உழவை விட்டுவிட்டு மெசினுக்குப் பின்னால் இழுவைப் பெட்டியைக் கொளுவினார். மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம். றோட்டுக் கிடங்கில் மெசின் விழும்போதெல்லாம் அத்தான், "அசையுதோ? அசையுதோ?" என்று கேட்டார். "நீங்கள் பேசாமல் இருந்தால் அசையுதோ எண்டு பார்ப்பன்" என்றாள் அக்கா. ஆனால் அவருடைய கையை அவள் விடவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு போனபோதுதான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது. அதுவரை எல்லாம் விளையாட்டாகவே இருந்தது.

பெண் பிள்ளை. சின்னது, ஆனால் முழுசு. பிறந்ததும் அழவில்லை. தாதி குப்புறப் போட்டுத் தட்டினார். வெளியே மர வாங்கில் இருந்த எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அத்தான் எழும்பி நின்றார். சத்தம் இல்லாதது அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். நானும் எழும்பி நின்றேன். பிறகு உள்ளே ஒரு கீச்சுக் குரல் எழும்பியது, கதவைக் கிழிக்கிற மாதிரி. அத்தான் திரும்ப இருக்க நினைத்துத் தவறி நிலத்தில் இருந்துவிட்டார். நான் அழுதேன். நன்றாக, வெட்கமில்லாமல் அழுதேன்.

மருத்துவிச்சி அம்மா பிறகு பார்க்க வந்தபோது மாமி, "ஓடித் திரிஞ்சுதான் இப்பிடி நடந்தது" என்று குற்றப்பத்திரிகை வாசித்தார். "நடந்ததாலை ஒண்டுமில்லை, நேரம் வந்தது, வந்திட்டுது" என்று அவர் சொன்னார். அது மட்டும் மாமிக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அறையில் சிந்திய முளைநெல், கூட்டி வாசலோரம் கொட்டிய இடத்தில் பச்சையாக எழும்பி நின்றது. ஆடு கடிக்காமல் மாமி சுற்றிவரக் குச்சி குத்தியிருந்தார். அத்தானோ பற்றறிகளுக்குப் புதிதாக உப்புத் தண்ணீர் விட்டு, வெயில் காட்டி, கட்டிலைத் திரும்பவும் ஹோர்னோடு பூட்டி வைத்திருந்தார்.

"இனி எதுக்கு?" என்றாள் அக்கா.

"இருக்கட்டும்" என்றார்.

அவருக்கு இப்போது கட்டிலைவிடப் பெரிய வேலை வந்திருந்தது. சேலையால் கட்டிய ஏணைக்குள் பிள்ளை நித்திரை. அத்தான் மெல்ல வருவார். ஏணைச் சேலையை விலக்கி, மூக்கின் கீழே விரலை வைப்பார். மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். விரல் பட்டுப் பிள்ளை முழித்து வீரிடும். அக்கா எழும்பிப் பால் கொடுத்து ஆற்றிப் படுக்கவைப்பாள். சற்று நேரத்தில் அத்தான் திரும்பவும் வருவார். பிள்ளைக்கு நித்திரை இல்லை, அக்காவுக்கு இல்லை, எனக்கும் இல்லை. பிள்ளை அழுதழுதே களைத்துப் போனது.

ஒரு மத்தியானம், அவர் ஏணையின் சேலையில் கைவைத்தபோது அக்கா கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்.

"குமிழைக் கழட்டுங்கோ."

அத்தானின் கை நின்றது. பெட்டியைப் பார்க்கவில்லை. ஏணையையே பார்த்தார். சிரித்தார், சிரிப்பு நடுவழியில் வேறாகிப் போனது. "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சால்வையால் முகத்தைத் துடைத்தார். விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்தவர், படுத்ததும் குறட்டை விடத் தொடங்கினார். எத்தனை நாள் நித்திரை பாக்கியோ.

நான் அறை மூலையில் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு கிடந்தேன். குறட்டை சீராக வரும்வரை அக்கா பொறுத்திருந்தாள். பிறகு மெல்ல எழும்பினாள். பலகை கிளம்பியது. வாய்க்காலுக்கு அப்பால், ஆள் இல்லாத வயலில், ஹோர்ன் கத்தத் தொடங்கியது. அக்கா விறைத்து நின்று விறாந்தையைப் பார்த்தாள். குறட்டை மாறவில்லை. அடிமேல் அடி வைத்து ஏணைக்குப் போய், சேலையை விலக்கி, பிள்ளையின் மூக்கின் கீழே தன் விரலை வைத்தாள். பிள்ளை முழிக்காமல் எப்படி வைப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நிறையத் தரம் செய்து பழகிய கை.

திரும்பும்போது என் கண் திறந்திருப்பதைக் கண்டாள்.

"அவருக்குச் சொல்லாதையடி" என்றாள், சத்தம் வராமல்.

அவள் கட்டிலில் ஏறிப் படுக்கும் வரை வயலில் ஹோர்ன் கத்திக்கொண்டே இருந்தது.